பிக்ஸர் தண்ணீரின் கனம்

படம் கழுவும் இருட்டறையில், படத்தை அழியாமல் நிறுத்தும் பிக்ஸர் என்ற ரசாயனத் தண்ணீர், வேலை முடிந்து ஒரு கேனுக்குள் பொருமிக்கொண்டிருந்தது.

"எத்தனை கல்யாணப் படங்களை அழியாமல் நிறுத்தியிருப்பேன்! படத்துக்கு அடியில் ஸ்டுடியோக்காரன் பெயர்தான் இருக்கிறது. நினைத்தாலே வயிறு கனக்கிறது. இன்றைக்கு என்னைச் சாக்கடையில் ஊற்றுவான். ஊற்றட்டும், போகிற வழியெல்லாம் விஷமாக்குவேன்."

கழிவுநீர் ஊற்றும் தொட்டியின் ஓட்டைக்குள்ளிருந்து ஒரு தவளை எட்டிப் பார்த்தது. "அண்ணே, கீழே குழியில் என் தலைப்பிரட்டைகள் நீந்துது. உங்க கோபத்தை அதுங்ககிட்டே காட்டாதீங்க."

"எனக்கு யார் இரக்கப்பட்டார்கள்?"

ஸ்டுடியோக்காரர் சூசைமாணிக்கம் வந்து கேனைத் தூக்கினார். தவளை கண்ணை மூடிக்கொண்டது. அவரோ தொட்டிப் பக்கம் போகாமல், பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரைக் கேனுக்குள் போட்டு மூடினார்.

"நீ எதுக்குடா வந்தே?" என்றது பிக்ஸர்.

"உங்க சுமையை இறக்கத்தான். அதுக்கு நான் கரையணும்" என்றது நார்.

சொன்னபடியே நாளுக்கு நாள் கரைந்தது. பத்தாம் நாள் கேனின் அடியில் சாம்பல் நிறச் சேறு படிந்திருந்தது.

சூசைமாணிக்கம் மனைவியைக் கூப்பிட்டார். "பிலோமி, இந்தச் சேறு அத்தனையும் வெள்ளி! படத்துக்குப் படம் பிலிமிலிருந்து கரைஞ்ச வெள்ளியை இந்தத் தண்ணிதான் சுமந்திருக்கு."

"அடேயப்பா! மிச்சத் தண்ணி?"

"அதைத் தொட்டியில் விடக்கூடாது. ரசாயனக் கழிவு வண்டிக்குக் கொடுத்துடலாம்."

பிக்ஸர் தன் அடியில் கிடந்ததையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது.

"தவளை," என்றது மெதுவாக, "இத்தனை நாளும் எனக்குள் கனத்தது கோபம் என்றல்லவா நினைத்தேன்!"