காதில் மட்டும்

அவர் வாயைத் திறக்கவில்லை.

வயிற்றுக்குள் குடல் முறுக்கிக்கொண்டு உயிர் போகிறது. அப்படியும் திறக்கவில்லை.

மயக்க மருந்து டாக்டர் இரண்டாம் முறையாகக் கேட்டார். சின்னப் பெண். கேட்கவே கூச்சப்பட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“ஐயா, நீங்க என்ன சமூகம்?”

நாற்பத்தோரு வருடமாக அவர் யாருக்கும் சொல்லாத பதில் அது. வீட்டுத் தரகருக்குச் சொன்னதில்லை. பிள்ளைகளின் பள்ளிக்கூட விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு. பெண் கேட்டு வந்தவர்கள் சுற்றிவளைத்துப் பார்த்துவிட்டு, காபி மட்டும் குடித்துப் போனார்கள்.

மனைவி மரகதத்துக்கே தெரியாது. கல்யாணமான மூன்றாம் நாள் ஒரு தடவை கேட்டாள்.

“தெரிஞ்சு என்ன பண்ணப்போறே?” என்றார்.

யோசித்துப் பார்த்தாள். பண்ணுவதற்கு ஒன்றும் இல்லை. உலை வைக்கப் போய்விட்டாள். அவளுடையதை அவரும் கேட்டதில்லை.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். ஆபரேஷனுக்காக மூச்சுக்குக் குழாய் போடும் முன் தசைகளைத் தளர்த்த ஓர் ஊசி. அவசரத்துக்குக் கையில் இருப்பது அதுதான்; வேறு மருந்து வெளியிலிருந்து வரத் தாமதமாகும். எல்லோருக்கும் பத்து நிமிடத்தில் தெளிந்துவிடும். அபூர்வமாகச் சிலருக்குப் பிறவியிலேயே ஒரு குறை. அவர்களுக்கு மணிக்கணக்கில் மூச்சு தானாக வராது. சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் சில சமூகங்களில் அது சற்று அதிகம். வீட்டில் யாருக்காவது அப்படி ஆனதுண்டா?

வீட்டைவிட்டே வந்தவருக்கு அது எப்படித் தெரியும்?

ரத்தம் எடுத்துச் சோதிக்க நேரம் இல்லை.

அவர் கூரையைப் பார்த்தார். பிடிவாதத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

பக்கத்தில் நின்ற மரகதம் அழவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

“நான் வெளிய போறேங்க. டாக்டரம்மா காதுல மட்டும் சொல்லுங்க. எனக்கு நீங்க வேணும்.”

போனாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், அவர் பார்க்கும்படி நின்று, இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். கதவு மூடியிருந்தது. எப்படியும் எதுவும் கேட்காது. இருந்தாலும் பொத்திக்கொண்டாள்.



விரலை அசைத்து டாக்டரைக் கூப்பிட்டார்.

ஒரே ஒரு சொல்.

டாக்டர், தட்டில் தயாராக இருந்த ஊசியை எடுத்து ஓரமாக வைத்தார். போன் செய்தார். பக்கத்து ஆஸ்பத்திரியிலிருந்து வேறு மருந்து ஸ்கூட்டரில் வந்தது.

ஆபரேஷன் மூன்று மணி நேரம்.

வெளியே வந்த டாக்டர் மரகதத்திடம் ஒரு காகிதத்தை நீட்டினார்.

“எல்லாம் எழுதியிருக்கேம்மா. இனிமே எங்க ஆபரேஷன்னாலும் இதைக் காட்டுங்க.”

அவள் அதை நான்காக மடித்துக் கைப்பைக்குள் திணித்தாள்.

“மூச்சு வந்துருச்சுங்களா?”

“ஜம்முனு வருது.”

அப்போதுதான் அழுதாள்.

அவர் கண் விழித்தபோது கட்டிலருகில் இருந்தாள். கைப்பை மடியில். காகிதத்தின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

வெகுநேரம் அதையே பார்த்தார்.

“படிச்சியா?”

“எங்க படிக்க? கண்ணாடியை வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டேன்.”

அவள் மூக்கின் மேல் இருந்த கண்ணாடியைப் பார்த்தார்.

சிரிப்பு வந்தது. தையல் சுரீர் என்றது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார்.