ஜோடி போட்டோ

கிளார்க் பழைய பென்சன் கோப்பை மேசையில் போட்டார். தூசி எழும்பி அடங்கியது.

அவள் உடனே திறக்கவில்லை.

முந்தானையில் கையைத் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள்.

நாற்பத்தாறு வயதில் முதல்முறையாக அம்மாவின் முகத்தைப் பார்க்கப் போகிறாள்.

வீட்டில் அம்மாவுக்குப் படமே கிடையாது. பிள்ளை பெற்ற கையோடு செத்துப்போனவளுக்கு யார் படம் எடுத்து வைப்பார்கள். பட்டாளத்திலிருந்து வந்த அப்பாவும் போய்விட்டார். வளர்த்த அத்தையும் போன தையில் போய்ச் சேர்ந்தாள்.

எப்படி இருப்பாள் என்று கேட்க ஒரு ஆள் மிச்சமில்லை.

தெருவில் இருக்கிற மிலிட்டரிக்காரர்தான் சொன்னார். "பென்சன் பேப்பர்ல புருசன் பொண்டாட்டி சேந்து எடுத்த போட்டோ ஒட்டியே ஆவணும். உங்கம்மா அங்கதான் இருக்கும். போய்ப் பாரு."

செங்கல் சூளை வேலையை விட்டுவிட்டு இந்த ஆபீசுக்கு நடையாய் நடந்தாள். அரியர்ஸ் ஏதாவது வர வேண்டுமா என்று கேட்டார்கள்.

இல்லை. பார்க்க வேண்டும்.

திறந்தாள்.

அப்பா. வெள்ளைச் சட்டை. கேமராவுக்கே சல்யூட் அடிக்கிற மாதிரி விறைப்பு.

பக்கத்தில் அத்தை.

இன்னொரு தரம் பார்த்தாள். அத்தையேதான். தூக்கின பல்லை உதட்டால் மூடிக்கொண்டு.

எப்படி நடந்திருக்கும் என்று யோசிக்கவே தேவையில்லை. அம்மா வயிற்றுப் பிள்ளையோடு சூளையில் மண் மிதித்துக்கொண்டிருந்திருப்பாள். அட்வான்ஸ் வாங்கின ஆளை மேஸ்திரி பகலில் வெளியே விடமாட்டான். பென்சன் பேப்பருக்காக வந்த அப்பாவுக்கு லீவு முடிந்திருக்கும். கவர்மெண்டுக்கு ஒரு பொம்பளை முகம் வேணும், அவ்வளவுதானே. நீ வந்து ஒக்காரு தங்கச்சி.

அந்த முகத்தைத் தேடி ஒருத்தி வருவாள் என்று யார் கண்டது.

கிளார்க் எட்டிப் பார்த்தார். படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். சிரித்தார்.

"அப்படியே அம்மா ஜாடைம்மா உனக்கு."

தலையாட்டினாள். இல்லை என்று சொன்னால் செத்துப்போன அப்பா, அத்தை ரெண்டு பேர் மேலும் கேஸ் போட்டாலும் போடுவார்கள்.

படத்துக்குக் கீழே ஒரு கட்டம். மனைவியின் இடது பெருவிரல் ரேகை.

அத்தைக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். நன்றாகவே போடுவாள்.

அப்படியானால் இது இருட்டின பிறகு வீட்டில் வாங்கியது. சூளையிலிருந்து வந்த அம்மாவை, சோறு ஆக்குகிறதுக்கு முன்னால் கூப்பிட்டு உட்காரவைத்து.

முகத்தைக் கிட்டத்தில் கொண்டுபோனாள்.

கோடு ஒன்றுகூட விழவில்லை. செங்கல் தின்ற விரல். வெறும் மை.

தன் பெருவிரலைத் திருப்பிப் பார்த்தாள். ரேஷன் கடை மெஷின் எடுக்காத விரல்.

"செல்லுல எடுத்துக்கறதுன்னா எடுத்துக்கம்மா. டைம் ஆவுது."

செல்லை அந்தக் கட்டத்துக்கு மேல் பிடித்து எடுத்தாள்.

கிளார்க் திரையைப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார்.

"முகமே விழலையேம்மா. வேற எடு."

"போதும் சார்."