சீனத்து வேர்

கடை லேபிள் ஒட்டிய மூன்று பிளாஸ்டிக் டப்பாக்களை மேசை மேல் வரிசையாக வைத்தாள் விண்ணரசி. இரண்டு காலி. ஒன்றில் பாதிப் பொடி இருந்தது.

"எங்கப்பா ஆரோக்கியசெல்வம். வரதராசன்பேட்டைல வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவரு. இதக் குடுத்தது நீங்கதானே?"

ஜெயங்கொண்டம் கடைவீதியில் நாட்டு மருந்துக்கடை வைத்திருக்கும் அமிர்தலிங்கம், டப்பாக்களைப் பார்க்காமல் அவளையே உற்றுப் பார்த்தார். பிறகு தலையை மட்டும் அசைத்தார். பெஞ்சில் நாலைந்து பேர் மருந்துக்குக் காத்திருந்தார்கள்.

அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அப்பாவுக்கு உணவுக்குழாயில் புற்றுநோய். ஆறு கீமோ ஊசி போட்டுக் கட்டி சுருங்கியதும் ஆபரேஷன் செய்துவிடலாம் என்று திருச்சி டாக்டர் சொல்லியிருந்தார். ஹைதராபாத்தில் வேலை பார்க்கும் அவளிடம், ஊசி போட்டாச்சு என்று அப்பா மாதா மாதம் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டோடு நிறுத்திவிட்டார் என்பது நேற்று ஸ்கேன் எடுத்தபோதுதான் தெரிந்தது. ஈரல் வரை பரவிவிட்டது. இனி ஆபரேஷன் கிடையாது.

"ஏன் நிறுத்துனீங்கன்னு கேட்டா செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு. கட்டிலுக்கு அடில இந்த டப்பா கெடக்குது. கஞ்சி எறங்கல அவருக்கு. அப்படி என்ன மருந்துங்க இது?"

சீனத்து வேர்ப் பொடி, ஏஜெண்ட் மூலமாக வரவழைத்தது என்றார் அமிர்தலிங்கம். பின்னால் சுவரைக் காட்டினார்.

லேமினேஷன் செய்த ஆங்கிலத் தாள் ஒன்று ஆணியில் தொங்கியது. நாலாக மடித்துப் பிரித்த தடம் அதில் இருந்தது. மேலே ஒரு பெயருக்கு அடியில், ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் போட்ட கோடு.

விண்ணரசி இரண்டு வரிதான் படித்தாள். எட்டி அதைப் பிடுங்கினாள்.

"இதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா உங்களுக்கு? கண்ணாடித் தட்டுல வளத்த புத்துநோய் செல்லு மேல, இந்த வேரோட சத்த ஊத்துனோம். செல்லு செத்துச்சு. பினாயில ஊத்துனாலும்தான் சாவும். எலிக்குக்கூட இன்னும் குடுத்துப் பாக்கல."

இதெல்லாம் உனக்கு எப்படிம்மா தெரியும் என்று பெஞ்சிலிருந்த விக்கிரமங்கலத்துப் பெண் கேட்டாள்.

"எழுதுனதே நான்தாங்க. எங்க லேப்ல செஞ்ச ஆராய்ச்சி." கோடு போட்ட இடத்தில் விரலை வைத்தாள். "இந்தா இருக்குல்ல, விண்ணரசின்னு. எம் பேரு."

கடைக்காரரிடம் திரும்பினாள். நெட்டிலிருந்து திருடி மாட்டினீர்களா என்று கேட்டாள். போலீசுக்குப் போவேன், கடையை இழுத்துப் பூட்டவைப்பேன் என்றாள்.

"எம் பேருக்கு அடில கோடு வேற போட்டு வச்சி, எங்கப்பாவுக்கே வித்திருக்கீங்களேய்யா. நீங்கள்லாம் மனுசங்களா?"

அமிர்தலிங்கம் அவள் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். உன்னிடம் சொல்லவேண்டாம் என்று வாத்தியார் வாக்கு வாங்கியிருந்தார் என்று முனகினார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"எம் பொண்ணு கண்டுபுடிச்ச மருந்துன்னு சொல்லி, இந்தத் தாளக் கொண்டாந்து குடுத்ததே வாத்தியாருதாம்மா."