பட்டை கழற்றிய கை

ஏழாம் மாதத்தில் குயிலியின் கை வீங்கியதால், தூக்கப்பட்டையைக் கழற்றச் சொல்லிவிட்டார் டாக்டர். மணிக்கட்டில் ஓரிடத்தை அழுத்தித் தூங்கவைக்கும் பட்டை அது. சிறுவயதிலிருந்தே எல்லாரையும் போல அதோடு படுத்துப் பழகியவளுக்கு, ஒரு வாரமாகப் பொட்டுத் தூக்கமில்லை.

வளைகாப்பன்று மாமியார் செண்பகவல்லி அடுக்களையில் எலுமிச்சை சாதம் கிளறிக்கொண்டிருந்தாள். கணவனை இழந்தவள் கர்ப்பிணிக்கு வளையல் போட்டுவிடக்கூடாது. பட்டை கட்டித் தூங்கும் காலத்திலும் அது மாறவில்லை.

"ஐயோ, குயிலி மயங்கிட்டா!" என்று கூடத்திலிருந்து மகள் வாசுகி கத்தினாள்.

செண்பகவல்லி ஓடிவந்தாள். வாசுகி அந்த வீங்கிய மணிக்கட்டை அழுத்திப் பிடித்து வளையல் ஏற்றிக்கொண்டிருந்தாள். கன்னத்துச் சந்தனத்தோடு குயிலி குறட்டை விட்டாள்.

"மயக்கமில்லடி, தூங்குறா."

வாசுகி கையை விட்டதும் குயிலி விழித்து, "ஏன் விட்டீங்க?" என்று அழுதாள்.

செண்பகவல்லி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். குயிலியின் அம்மா முகம் சுளித்தாள்.

"வளையல் போடத்தானே நான் ஆகாது, சம்பந்தி? ஒரு கைய நான் புடிச்சுக்கிறேன். இன்னொரு கையில நீங்க அடுக்குங்க."

மணிக்கட்டை அவள் அழுத்தியதும் குயிலியின் கண் சொருகியது. பெண்கள் சத்தமில்லாமல் வந்து அடுக்கிவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம், பிரசவத்துக்காகக் குயிலியை அம்மா வீட்டுக்கு அழைத்துப்போகக் கார் வந்தது. ஏறி உட்கார்ந்த குயிலி, வாசலில் நின்ற மாமியாரிடம் கையை நீட்டினாள்.

"நீங்களும் ஏறுங்க, அத்தை."

செண்பகவல்லி தயங்கினாள். காருக்குள் சம்பந்தியம்மாள்தான் நகர்ந்து இடம் விட்டாள்.