முந்தின நாள் வியாபாரம்

"பங்கு புரோக்கர் கொடுத்த சீட்டைக் கொடுக்கறேன். அதுக்கு முன்னாடி, பெற்றுக்கொண்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க."

விசாரணை அதிகாரிக்கு இருபது வருட சர்வீஸ். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் நடுங்கித்தான் பார்த்திருக்கிறார். இந்தக் கிழவரோ, பஸ் பணிமனையில் இன்ஜின் பிரித்தே ரிட்டயர் ஆனவர், சட்டைப் பையை ஒரு கையால் பொத்திக்கொண்டு அவரையே சந்தேகமாகப் பார்த்தார்.

"பெரியவரே, நான் கவர்ன்மெண்ட் ஆபீசர்."

"அதனாலதான் கேக்கறேன்."

அதிகாரி பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு ரசீது எழுதினார். மேசை மேல் ஏற்கெனவே இரண்டு காகிதங்கள் கிடந்தன. ஒன்று மொட்டைக் கடிதம். 'வரிப் பிரிவில் உள்ள பெண் அலுவலரின் மாமனார், பட்ஜெட்டுக்கு முந்தின நாள் குளிர்பானக் கம்பெனிப் பங்கில் பெரிய அளவில் வியாபாரம் செய்திருக்கிறார். விசாரிக்கவும்.' மற்றது, அந்தப் பெண்ணை சஸ்பெண்ட் செய்யும் உத்தரவு. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"மந்திரி சர்க்கரை பானத்துக்குப் புது வரின்னு வாசிச்சு வாய் மூடல, அந்தப் பங்கு விலையில மூணுல ஒண்ணு காணாமப் போச்சு. வருமானம் கூடும், அரசாங்கம் கடன் குறைவா வாங்கும்னு கணக்குப் போட்டு அரசாங்கக் கடன் பத்திர விலை ஏறிடுச்சு. எல்லாம் பத்து நிமிஷம். முன்கூட்டியே தெரிஞ்சு பங்கை வித்தவன் காட்டுல மழை. புரியுதா?"

"புரியாம என்ன? டீவிக்கு முன்னாடிதானே உக்காந்திருந்தேன்."

"அந்த வரியைத் தயார் பண்ணின பிரிவுல உங்க மருமக இருக்காங்க. உங்க வியாபாரத்துக்கு முன்னாடி அவங்ககிட்ட இதைப் பத்திப் பேசினீங்களா?"

"பேசினேன்."

அதிகாரியின் பேனா நிமிர்ந்தது. கிழவர் தானாகவே வந்து வலையில் விழுகிறாரே என்று அவருக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது.

"என்ன பேசினீங்க?"

"அதுக்கு முந்தின ராத்திரி சாப்பிடும்போது வாயைக் கிளறிப் பாத்தேன். ஆபீஸ்ல இருக்கறவங்க வீட்டு ஆளுங்களுக்கு முன்னாடியே காதுல போட்டுடுவாங்கன்னு எனக்கு ஒரு நெனப்பு. உங்களையும் சேத்துத்தான் சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க. 'நாளைக்கு குளிர்பானக் கம்பெனியில கை வைக்கப் போறேம்மா'ன்னேன்."

"அதுக்கு அவங்க?"

"'இன்னும் கொஞ்சம் போடட்டுமா மாமா'ன்னா. கரண்டி ஆடல. கண்ணு சிமிட்டல."

"அப்புறம்?"

"ஏதாவது வில்லங்கம்னா முகத்துல தெரியாமலா போகும்? ஒண்ணும் இல்லைன்னு முடிவு பண்ணிட்டேன். இந்தாங்க."

கிழவர் ஒரு வழியாகச் சீட்டை நீட்டினார். அதிகாரி பிரித்தார். ஒரு முறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்தார்.

"பெரியவரே... நீங்க விக்கலையா?"

"விக்கறதுக்கு என்கிட்ட ஏது? வாங்கினேன். ரிட்டயர் ஆனப்போ வந்ததுல பாதியைக் கொண்டுபோய்க் கொட்டினேன்."

அதிகாரி சீட்டில் இருந்த தேதியைப் பார்த்தார். பட்ஜெட்டுக்கு முந்தின நாள்தான்.

"பட்ஜெட் அன்னிக்கு சாயங்காலம் அவ வந்தா. செருப்பைக்கூடக் கழட்டல, என் முன்னாடி வந்து நின்னா. 'திட்டிடுங்க மாமா, தெரிஞ்சும் என்னால சொல்ல முடியல'ன்னா."

"திட்டினீங்களா?"

"வாய் வரலையே. முப்பத்தஞ்சு வருஷம் டெப்போவுல எத்தனை பேரைப் பாத்திருக்கேன். ஒரு லிட்டர் டீசலுக்கு சத்தியத்தை வித்தவனுங்க. இவ, சொந்த வீட்டுப் பணம் கண்ணு முன்னாடி குழியில விழறதைப் பாத்துக்கிட்டு வாயைத் திறக்காம இருந்திருக்கா. நான் எவனையும் நம்பினது கிடையாது. இவளைப் பாத்து அன்னிக்கு நாற்காலியை விட்டு எழுந்து நின்னேன்."

அதிகாரி சஸ்பெண்ட் உத்தரவை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார். அவளுடைய ஃபைலை இழுத்து எழுதினார்: 'விசாரித்ததில் இவரது நேர்மை ஐயத்துக்கு அப்பாற்பட்டது எனத் தெரிகிறது. பதவி உயர்வுக்குப் பரிந்துரைக்கிறேன்.'

"முத்திரை?" என்றார் கிழவர்.

சிரித்துக்கொண்டே அதையும் குத்தினார். "கவலைப்படாமப் போங்க. இந்த மொட்டைக் கடிதாசி எழுதின ஆளை நான் விடறதா இல்லை. அவங்க பக்கத்து சீட்டு ஆள் மேலதான் எனக்குச் சந்தேகம். நாளைக்கே அவனுக்கு மெமோ போகும்."

கதவு வரை போன கிழவர் நின்றார். முத்திரை மை காய்ந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"அந்தப் பையனை விட்டுடுங்க சார். பதினோரு வருஷமா அவ ஒழுங்கா வேலை செய்யறா, அதைப் பாத்து பதவி உயர்வு கொடுக்க அவ ஃபைலை ஒருத்தரும் திறக்கல. புகார்னா ஓடி வந்து திறப்பீங்கன்னு தெரியும், அதான் நானே எழுதிப் போட்டேன்."