ஆறு நிமிஷ ரயில்

"நாலே நிமிஷம்! நல்லா ஏமாத்திட்டார்!"

பூங்கா ரயிலை விட்டு இறங்கியதும் இறங்காததுமாக அவர் கையைத் தூக்கி வாட்சைக் காட்டினார்.

"யாருங்க?" என்றாள் மனைவி, மகளின் சட்டையில் ஒட்டியிருந்த கரித்தூளைத் தட்டிக்கொண்டே.

"ரயில் ஓட்டுற பெரியவர்தான். வரிசையில நிக்கும்போதே பார்த்துக்கிட்டிருந்தேன். நமக்கு முன்னாடி மூணு ட்ரிப். ஒவ்வொண்ணும் ஆறு நிமிஷம். நமக்கு மட்டும் நாலு!"

"பார்க்குக்கு வந்தும் இதே வேலையா உங்களுக்கு?"

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. பஸ் டிப்போவில் டைம் கீப்பர். பதினெட்டு வருஷமாகக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த பஸ் எப்போது வந்தது, எப்போது போனது என்று எழுதுகிறவர். மூணு நிமிஷம் லேட்டாக வந்த டிரைவர் அவர் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. முதுகுக்குப் பின்னால் டிரைவர்கள் அவரை 'அலாரம்' என்பார்கள். பள்ளிக்கூடம் லீவு விட்டால் அந்தக் கூண்டின் மூலையில் உட்கார்ந்து படம் வரையும் மகளுக்கு, டிரைவர்கள் வாங்கும் திட்டெல்லாம் மனப்பாடம்.

அவளுக்கு ஏழு வயது. இந்த ரயிலில் ஏற வேண்டும் என்று கேட்க ஆரம்பித்து எட்டு மாதம். இன்றைக்குத்தான் அப்பாவுக்கு லீவு போட மனசு வந்தது. அதுவும் பூங்கா வாசலிலேயே, "அஞ்சு மணிக்கெல்லாம் வீட்டுல இருக்கணும், ஆமா" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே நுழைந்தார்.

ரயில் முழங்கால் உயரம்தான். சைக்கிளில் உட்காருவதுபோல் இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்கார வேண்டும். ஆனால் நிஜக் கரி, நிஜ நீராவி, நிஜ விசில். குழந்தைகள் முன்னால், பெரியவர்கள் பின்னால் என்பது அங்கே சட்டம். மகளுக்கு டிரைவரின் முதுகை ஒட்டி முதல் இடம். அப்பாவும் அம்மாவும் கடைசிப் பெட்டி.

குளத்தைச் சுற்றி, பாலம் ஏறி, குகைக்குள் புகுந்து வர வேண்டிய ரயில், இவர்கள் ஏறிய ட்ரிப்பில் பறந்தது. வாத்தைப் பார்த்து முடிப்பதற்குள் பாலம். பாலத்தில் கையாட்டுவதற்குள் குகை.

"விட்டுத் தள்ளுங்க. பாப்பா சந்தோஷமாத்தானே இருக்கா?"

"அவளுக்கு என்ன தெரியும்? எட்டு மாசம் காத்துக்கிட்டிருந்த குழந்தையை நாலு நிமிஷத்துல இறக்கி விட்டுட்டார். எனக்கு வயிறு எரியுது."

எரிந்தது நிஜம்தான். விறுவிறுவென்று இன்ஜின் பக்கம் போனார்.

"என்ன பெரியவரே, எல்லாருக்கும் ஒரே டிக்கெட்தானே? அவங்களுக்கு ஆறு நிமிஷம், எங்களுக்கு நாலா? சின்னப் பிள்ளைங்க கேக்க மாட்டாங்கன்னு நினைப்போ?"

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பெரியவர் கரிக் கையைத் துணியில் துடைத்தபடி, அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு நின்ற மகளைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தவர், மூடிக்கொண்டார்.

"தப்பு என்னுதுதான் சார். கொஞ்சம் அழுத்தி ஓட்டிட்டேன். மறுபடி ஏறிக்குங்க, டிக்கெட் வேண்டாம்."

"பார்த்தியா?" என்று மனைவி பக்கம் திரும்பினார். "கேட்டாத்தான் வழிக்கு வர்றாங்க."

"இந்தத் தடவை பாப்பாவுக்குப் பின்னாடியே உக்காருங்க சார். நான் எப்படி ஓட்டுறேன்னு பக்கத்துலேர்ந்து பாருங்க."

அப்பா மகளுக்குப் பின்னால் உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் அம்மா. அவர் வாட்சைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டார். ஒரு நொடி குறைந்தாலும் விடுவதாக இல்லை.

விசில் ஊதியது. மகள் எட்டி, பெரியவர் காதில் ரகசியம் சொன்னாள். ஏழு வயது ரகசியம், இன்ஜின் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது.

"தாத்தா, போன தடவை மாதிரியே வேகமாப் போங்க."

அப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"பாப்பா! நீயா அப்படிச் சொன்னே? ஏன்?"

மகள் அவர் வாட்சைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"லேட்டானா உங்களுக்குக் கோபம் வருமேப்பா. சீக்கிரமா முடிச்சிட்டா, அடுத்த லீவுக்கும் எங்ககூட வருவீங்கல்ல?"

பெரியவர் திரும்பவில்லை. இல்லாத தூசியை இன்ஜின் மேலிருந்து துடைத்துக்கொண்டிருந்தார்.

வெட்கம் அப்பாவின் காதுவரை ஏறியது. வாட்சைக் கழற்றினார். பின்னால் நீட்டினார். மனைவி வாங்கிப் பைக்குள் போட்டாள்.

"பெரியவரே, மன்னிச்சுக்குங்க. உங்க இஷ்டத்துக்கு ஓட்டுங்க. மெதுவாவே."

ரயில் ஊர்ந்தது. மகள் வாத்துகளை எண்ணினாள், ஒன்பது. ஒன்று தண்ணீருக்குள் முங்கி எழுந்ததால் மறுபடியும் எண்ணினாள். குகைக்குள் இருட்டில் மூவரும் சேர்ந்து ஊளையிட்டார்கள். அப்பாவின் ஊளைதான் பெரிசு.

இறங்கியதும் மனைவி வேண்டுமென்றே கேட்டாள்.

"இப்ப எத்தனை நிமிஷம் ஆச்சுங்க?"

பழக்க தோஷத்தில் வெறும் மணிக்கட்டைப் பார்த்தார் டைம் கீப்பர்.

"தெரியலையே" என்றார். பிறகு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றார்.