பத்துக்குப் பத்தும் தலை

"தற்செயல்னு லோகத்துல ஒண்ணு கிடையவே கிடையாது, சாமுவேல்! காரணம் தெரியாதவன் கண்டுபிடிச்ச வார்த்தை அது" என்றார் தேவராஜன்.

தலைமை ஆசிரியர் அறையில் மூவர் மட்டுமே இருந்தார்கள். பட்டு விலை விழுந்து காஞ்சிபுரத்தில் பாதித் தறிகள் நின்றுபோன வருஷம் அது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். இரண்டு சயன்ஸ் வாத்தியார்களில் ஒருவரை நிறுத்தும்படி நிர்வாகம் எழுதியிருந்தது.

"யாரைன்னு முடிவு பண்ண எனக்கு மனசு வரலை." தலைமை ஆசிரியர் கலியாணசுந்தரம் ஒரு வெள்ளி ரூபாயை மேஜைமேல் வைத்தார். "பூவா தலையா போட்டுடலாம். தலை விழுந்தா தேவராஜன். பூ விழுந்தா சாமுவேல்."

சாமுவேலின் முகம் வெளுத்தது. "வீட்ல நாலு புள்ளைங்க இருக்குது சார்..."

"ஜெபம் பண்ணப் போறீரோ?" தேவராஜன் சிரித்தார். "சுண்டற விசை, எழும்பற உயரம், சுத்தற வேகம். இத்தனையும் தெரிஞ்சா விடை முன்னாலேயே தெரிஞ்சுடும் ஓய்!"

வருஷா வருஷம் வகுப்பில் அவர் செய்துகாட்டும் வித்தை அது. பத்துத் தடவை சுண்டினால் பத்துத் தடவையும் தலைதான். பள்ளிக்கூடம் முழுக்க அது பிரசித்தம்.

"அதுல ஏதாவது ஒண்ணு தெரியாம வுட்டுப்போச்சின்னா?" என்றார் சாமுவேல்.

"உமக்கு 'வுட்டுப்போகும்'. எனக்கு விட்டுப்போகாது." தேவராஜன் ரூபாயை எடுத்துக்கொண்டார். "நானே சுண்டறேன் சார்."

கலியாணசுந்தரம் திடுக்கிட்டார். "நீங்களேவா? நல்லா யோசிச்சுக்கிட்டீங்களா?"

"யோசிக்க என்ன சார் இருக்கு? முடிவு என் விரல்ல இருக்கு."

காற்று வராமல் ஜன்னலைச் சாத்தினார். கட்டைவிரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு சுண்டினார். மினுங்கிக்கொண்டே எழும்பிய ரூபாய் உள்ளங்கையில் வந்து விழுந்தது.

தலை.

"பார்த்தீரா? அதிர்ஷ்டமில்லை, பௌதிகம்!" கையைச் சாமுவேலின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

சாமுவேல் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைக் கும்பிட்டார்.

"இனிமே கும்பிட்டு என்ன ஓய் பிரயோஜனம்?"

கலியாணசுந்தரம் காகிதத்தில் பெயரை எழுதி, மையை ஒற்றி எடுத்தார். பிறகு எழுந்து வந்து தேவராஜனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"இந்தப் பெருந்தன்மை யாருக்கு வரும் சார்! தலை விழுந்தா உங்க வேலை போயிடும்னு தெரிஞ்சும், நாலு புள்ளைக்காரருக்காக வேணும்னே தலையைப் போட்டீங்களே!"